சம்பளமில்லாத ஆட்டக்காரன்

அயர்லாந்தில் ஒரு பையன் தன் ஊர்ப் பந்தாட்டத்தை விட்டுவிட்டு, வேறு தேசத்தில் வேறோர் ஆட்டத்துக்குச் சம்பளத்தில் சேர்ந்தால், அவனைப் பற்றி இரண்டு விதமாகக் கதை சொல்கிறார்கள். ஊர் சோறு போட்டு வளர்த்த பிள்ளை காசுக்காக ஊரைக் கைவிட்டான் என்பது ஒன்று. குடத்துக்குள் இருந்த விளக்கு குன்றின் மேல் ஏறிவிட்டது என்பது மற்றொன்று. நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். பந்தைத் தொட்டது பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் ஒரு கதை தேறுமா தேறாதா என்று ஓரளவு சொல்ல முடியும். இந்த இரண்டும் தேறவில்லை. முதல் கதையில் பையன் துரோகி, இரண்டாவதில் அவன் வீரன். மனிதனாக அவன் எதிலும் வரவில்லை.

அந்த ஆட்டத்துக்குக் கேலிக் கால்பந்து என்று பெயர். தமிழில் எழுதும்போது ஏதோ கேலிக்குரிய சமாசாரம் போலத் தொனிக்கிறது. அதற்கு நான் பொறுப்பல்ல. பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். ஆனால் நாலடிக்கு மேல் கையில் வைத்துக்கொண்டே ஓடக் கூடாது. தரையில் ஒரு தட்டு, அல்லது தன் கால் நுனியால் தட்டித் தன் கைக்கே வாங்கிக்கொள்ள வேண்டும். ஓடுகிற ஓட்டத்தில் அதைச் செய்ய வேண்டும் என்பதுதான் வித்தை. ஐந்து வயதில் தெருவில் ஆரம்பித்தால்தான் இருபது வயதில் அது இயல்பாக வரும்.

இதை நடத்துகிற கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884இல் தர்லஸ் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் தொடங்கியது. ஆங்கிலேயரின் ஆட்டங்களுக்கு எதிராகச் சொந்த ஆட்டங்களைக் காப்பாற்ற எழுந்த சங்கம். 1920 நவம்பர் 21ஆம் தேதி டப்ளினில் குரோக் பார்க் மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது பிரிட்டிஷ் படையினர் உள்ளே புகுந்து சுட்டார்கள். பதினாலு பேர் செத்தார்கள். அவர்களில் ஒருவர் டிப்பரேரி அணிக்கு ஆடிக்கொண்டிருந்த மைக்கேல் ஹோகன். அந்த மைதானத்தில் இன்று ஒரு பெரிய காலரிக்கு அவர் பெயர்தான் இருக்கிறது. ஆட்டக்காரன் ரத்தம் விழுந்த புல் அது. அங்கே போய்ச் சம்பளம் எவ்வளவு என்று கேட்பது கோயிலில் நின்று பிரசாதத்துக்கு விலை கேட்கிற மாதிரிதான் ஒலிக்கும். இந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். அந்தக் கூச்சத்தை வைத்துக்கொண்டு பிறர் நடத்துகிற காரியங்களைத்தான் மதிக்க முடியவில்லை.

ஒரு காலத்தில் சங்கம் வெறும் கூச்சத்தோடு நிற்கவில்லை, சட்டமே போட்டிருந்தது. கால்பந்து, ரக்பி, கிரிக்கெட் போன்ற அந்நிய ஆட்டங்களை ஆடினாலோ, போய்ப் பார்த்தாலோகூட, உறுப்பினர் வெளியே போக வேண்டியதுதான். 1938இல் அயர்லாந்தின் ஜனாதிபதி டக்ளஸ் ஹைட் சர்வதேசக் கால்பந்துப் பந்தயம் ஒன்றுக்குப் போய் உட்கார்ந்தார். ஐரிஷ் மொழிக்காக வாழ்நாளெல்லாம் உழைத்த அந்தக் கிழவரைச் சங்கம் புரவலர் பதவியிலிருந்து நீக்கிவிட்டது! கான் மார்ட்டின் 1941இல் டப்ளின் அணியோடு லெய்ன்ஸ்டர் மாகாணப் பட்டம் ஜெயித்தவர். கால்பந்தும் ஆடினார் என்பதற்காக அவருக்குச் சேர வேண்டிய பதக்கத்தைக் கொடுக்கவில்லை. 1971இல் தடை போன பிறகுதான் அது அவர் கைக்கு வந்தது. அதற்குள் அவர் தொழில்முறை ஆட்டத்தை ஆடி முடித்துவிட்டார்.

தடை போய் ஏழு வருஷத்தில் கெவின் மோரன் மான்செஸ்டர் யுனைடெட் சங்கத்தில் சேர்ந்தார். 1976லும் 1977லும் டப்ளினுக்காக அகில அயர்லாந்துப் பட்டம் வென்றவர். யாரும் அவரைச் சாதிப்பிரஷ்டம் செய்யவில்லை. கொண்டாடத்தான் செய்தார்கள்.

கதை சொல்கிறவர்கள் கவனிக்காமல் விடுகிற இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. ஒரு கிரிக்கெட்காரன் சம்பளத்துக்குப் போனாலும் ஆடுவது கிரிக்கெட்தான். ஒரு பாடகன் சபாவை விட்டு சினிமாவுக்குப் போனாலும் பாடுவது பாட்டுத்தான். கேலிக் ஆட்டக்காரனுக்கு அந்த வசதி இல்லை. அவன் ஆட்டத்தைச் சம்பளத்துக்கு ஆட உலகத்தில் ஓர் இடம்கூடக் கிடையாது. ஆகவே அவன் தன் வித்தையை விற்கப் போவதில்லை. வித்தையை வீட்டிலேயே வைத்துவிட்டு, அது தந்த உடம்பை மட்டும் விற்கப் போகிறான். ஓட்டம், எம்பிப் பிடிக்கிற கை, உதைக்கிற கால் இவைதான் விலை போகின்றன. டவுன் கௌண்டிக்குக் கோல் காத்த சார்லி ஸ்மித்தை 2024இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் செயிண்ட்ஸ் சங்கம் ஒப்பந்தம் செய்தது. அங்கே அவருக்கு வேலை, நிறுத்தி வைத்த பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது. அது ஒன்றுதான். நாகஸ்வர வித்வானை அழைத்து, ‘உங்கள் மூச்சு நன்றாக இருக்கிறது, உலைக்குத் துருத்தியாக வாருங்கள்’ என்பதைப் போல இருக்கிறது எனக்கு.

உடம்பு போகும், பழக்கம் கூடவே வரும். ஜிம் ஸ்டைன்ஸ் 1984இல் டப்ளின் இளைஞர் அணியோடு பட்டம் வென்ற பதினெட்டு வயதுப் பையன். ஆஸ்திரேலியாவிலிருந்து மெல்போர்ன் சங்கம் பத்திரிகையில் விளம்பரம் போட்டு அயர்லாந்துப் பையன்களைத் தேடியது. மனுப் போட்டுப் போனார். அங்கே பந்து உருண்டையில்லை, முட்டை. பந்தைச் சுத்தமாகப் பிடித்தவன் நின்று நிதானமாக உதைக்கலாம். அவனுக்கும் அவன் எதிரே நிற்கிறவனுக்கும் நடுவே யாரும் குறுக்கே ஓடக் கூடாது. அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விதி. 1987இல் இறுதிப் பந்தயத்துக்கு முந்திய பந்தயம், கடைசி விநாடிகள், ஹாதார்ன் அணிக்கு எதிராக மெல்போர்ன் முன்னால் நிற்கிறது. 1964க்குப் பிறகு இறுதிப் பந்தயத்தைப் பார்க்காத சங்கம் அது. ஸ்டைன்ஸ் குறுக்கே ஓடிவிட்டார். தண்டனையாகப் பதினைந்து மீட்டர் கிட்டே வந்து, சங்கு ஊதின பிறகு எதிராளி உதைத்தான். பந்து உள்ளே போயிற்று. இரண்டே புள்ளியில் தோல்வி.

எந்த நாவலாசிரியனும் இதைவிடக் கச்சிதமாகக் கற்பனை செய்ய மாட்டான். ஓடிப் போய் உதவ வேண்டும் என்று டப்ளின் கற்றுக்கொடுத்த கால், மெல்போர்னில் குற்றவாளியாகிவிட்டது. அதற்குப் பிறகும் அவர் அங்கேயே இருந்து, 1991இல் அந்த ஆட்டத்தின் ஆகச் சிறந்த வீரனுக்குரிய பிரவுன்லோ பதக்கம் வாங்கினார். தொடர்ந்து 244 பந்தயங்கள் ஆடினார். 2008இல் அந்தச் சங்கத்துக்கே தலைவரானார். 2012இல் புற்றுநோயில் இறந்தபோது அரசாங்க மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். ‘குன்றின் மேல் விளக்கு’ என்கிறவர்கள் இந்தப் பட்டியலைத்தான் படிக்கிறார்கள். குறுக்கே ஓடின அந்த நாலு விநாடியைப் படிப்பதில்லை.

‘துரோகி’ என்கிறவர்களுக்கு வருகிறேன். அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. கேலிக் ஆட்டத்தில் ஆட்டக்காரனைப் பொதுவாக விலைக்கு வாங்குவதில்லை. பிறந்த ஊருக்கு ஆடுகிறான். கெர்ரிக்காரன் கெர்ரிக்கு, மேயோக்காரன் மேயோவுக்கு. சம்பளம் வந்தால் நாளைக்குப் பணக்கார டப்ளின், ஏழைக் கௌண்டியின் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விடும். டிக்கெட் பணத்தில் பெரும் பகுதி ஊர்த் திடல்களுக்கும் சிறுவர் பயிற்சிக்குமே திரும்பிப் போகிறது என்கிறார்கள். நல்ல காரியம்தான்.

ஆனால் குரோக் பார்க்கில் எண்பத்திரண்டாயிரம் பேர் உட்காரலாம். 2014இல் சங்கம் ஒளிபரப்பு உரிமையில் ஒரு பங்கை ஸ்கை நிறுவனத்துக்கு விற்றது. பயிற்சி கொடுக்கும் மானேஜர்களுக்குத் திரைமறைவில் பணம் கைமாறுவதைப் பற்றிச் சங்கத்தின் தலைமை அதிகாரியே 2012இல் ஒரு விவாத அறிக்கை தயாரிக்க வேண்டியிருந்தது. எல்லாக் கைகளிலும் காசு புழங்கும்போது, தியாகம் என்கிற சொல்லை ஆட்டக்காரனுக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருப்பது விசித்திரம். நம் பத்திரிகை உலகில் அச்சகத்துக்கும் காகிதக் கடைக்கும் கணக்குத் தீர்த்துவிட்டு, கதை எழுதினவனிடம் மட்டும் இலக்கிய சேவை பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகையால் இந்த ராகம் எனக்குப் பழக்கம். பகலில் வேலை, சாயங்காலம் நெடுந்தூரம் காரோட்டிப் பயிற்சி, மறுநாள் காலை மீண்டும் வேலை என்று பல வருஷம் இருக்கிற ஒருவன், ஆட்டத்தையே வேலையாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் திரும்பிப் பார்க்காமல் இருப்பானா? அவன் பேராசைக்காரன் இல்லை. களைத்துப் போயிருக்கிறான், அவ்வளவுதான்.

டைக் கென்னலியின் சமாசாரம் இரண்டு கதையிலும் அடங்காது. லிஸ்டோல் ஊர்க்காரர், ஜான் பி. கீன் போன்ற எழுத்தாளர்கள் வாழ்ந்த ஊர் என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு வாஞ்சை. அப்பா டிம் கென்னலி கெர்ரிக்கு ஐந்து முறை அகில அயர்லாந்துப் பட்டம் வாங்கித் தந்த அணிகளில் ஆடியவர், 1979இல் தலைவர். மகன் சிட்னிக்குப் போனார். 2005 செப்டம்பரில் சிட்னி அணி பட்டம் வென்றபோது பதக்கம் வாங்க மேடையேறி, அத்தனை பேர் முன்னிலையில் ஐரிஷ் ஜிக் நடனம் ஆடினார். அந்த டிசம்பரில் அப்பா போய்விட்டார், ஐம்பத்தோரு வயதில்.

2009இல் கென்னலி சிட்னிச் சம்பளத்தை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். காலணாச் சம்பளமில்லாமல் கெர்ரிக்கு ஆடினார். முட்டைப் பந்துக்குப் பழகின கையை மறுபடி உருண்டைப் பந்துக்குப் பழக்க வேண்டியிருந்திருக்கும். அந்த செப்டம்பரில் குரோக் பார்க்கில் கார்க் அணியைத் தோற்கடித்து, அப்பாவிடம் ஐந்து இருந்த அந்தப் பதக்கத்தில் ஒன்றை மகனும் வாங்கினார். 2010இல் மறுபடி சிட்னிக்குப் போய்ச் சம்பளத்துக்கு ஆடினார்.

இரண்டு பதக்கமும் வாங்கிய ஆண்களில் அடுத்தவர் டைரோன் கௌண்டியின் கானர் மெக்கென்னா. 2020இல் மெல்போர்னின் எஸ்ஸெண்டன் சங்கத்தை விட்டு ஊருக்குத் திரும்பினார். 2021இல் டைரோனுக்காக ஜெயித்தார். பிறகு மறுபடி கப்பல் கடந்து, 2024இல் பிரிஸ்பேனுக்காக ஜெயித்தார்.