காலபோகமும் மார்ச் கணக்கும்

ஏரி, குளம், வாய்க்கால்களைப் பராமரிக்கும் பொறியாளர் கையில் எப்போதும் பல வேலைகள் இருக்கும். ஓர் ஊரில் மதகு புதுப்பித்தல், இன்னோர் ஊரில் கரையைப் பலப்படுத்துதல், வேறோரிடத்தில் தூர்வாருதல். பார்த்துக்கொள்ள ஆட்கள் சிலரே. தமிழ்நாட்டு நீர்வளத் துறையில் இந்தப் பொறுப்பு பிரிவு அலுவலகத்தின் உதவிப் பொறியாளருடையது. ஒர்க் இன்ஸ்பெக்டரும், மதகைத் திறந்து மூடும் லஸ்கர்களும் அவருக்குத் துணை. இலங்கையில் 1900இல் தொடங்கிய நீர்ப்பாசனத் திணைக்களத்திலும், மாகாண நீர்ப்பாசனத் திணைக்களங்களிலும், பொறியியலாளர் ஒருவர் சில தொழில்நுட்ப உத்தியோகத்தர்களை வைத்துக்கொண்டு இதே வேலையைச் செய்கிறார். சிறியவை வேறு கைக்குப் போய்விடுகின்றன: தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களிடமும், இலங்கையில் 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட பாசனப் பரப்புள்ள குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடமும் உள்ளன.

வேலைகளை எந்த வரிசையில் எடுப்பது என்பதை இரண்டு இடங்களிலும் முதலில் தீர்மானிப்பவை மழையும் நிதியாண்டும்தான். தமிழ்நாட்டின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. வடகிழக்குப் பருவமழையில் நிறைந்த ஏரி, சம்பா அறுவடைக்குப் பின் வற்றி, கோடையில் வேலைக்கு இடம் கொடுக்கிறது. கணக்கு முடியும் மார்ச்சும் வறண்ட மாதம் என்பதால், கடைசி நேர நெருக்கடியிலும் இயந்திரம் தரையில் இறங்கும். காவிரி டெல்டாவில் மட்டும் இன்னொரு கெடு உண்டு: மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12க்குள் தூர்வாரும் வேலை முடிந்தாக வேண்டும். இலங்கை அரசின் நிதியாண்டோ ஜனவரி முதல் டிசம்பர் வரை. வடக்கிலும் கிழக்கிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெருமழை. ஆக, ஒதுக்கீட்டைச் செலவழித்து முடிக்க வேண்டிய மாதங்களும் குளம் நிரம்பும் மாதங்களும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. கோடைப் பயிரான சிறுபோகத்தின் அறுவடைக்கும் மாரிப் பயிரான காலபோகத்தின் மழைக்கும் நடுவில் கிடைக்கும் சில வாரங்களே துருசு எனப்படும் மதகிலும் குளக்கட்டிலும் தாராளமாகக் கைவைக்கக்கூடிய காலம்.

இந்த நெருக்கடியைச் சமாளிக்க இலங்கைப் பொறியியலாளருக்கு ஒரு நல்ல கருவி கிடைத்திருக்கிறது: பயிர்ச்செய்கைக் கூட்டம். ஒவ்வொரு போகத்துக்கும் முன்பு அரசாங்க அதிபர் அல்லது பிரதேச செயலாளர் தலைமையில் கமக்காரர் அமைப்புகளும் திணைக்களங்களும் கூடி, முதல் தண்ணீர் எப்போது, கடைசித் தண்ணீர் எப்போது என்று தேதி குறிக்கின்றன. முடிவுக்குச் சட்ட வலு உண்டு. வேலைப் பட்டியலை அந்தத் தேதிகளிலிருந்து பின்னோக்கி எண்ணி எழுதிவிடலாம். எந்தத் துருசை முதலில் தொடுவது என்ற கேள்விக்குத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் தினமும் பொறியியலாளரைக் கூப்பிடத் தேவையில்லை. தமிழ்நாட்டு ஏரிகளில் பாசனதாரர் சங்கங்கள் இருந்தாலும், இப்படி எல்லோர் கையிலும் இருக்கும் ஒரே தேதிப் பட்டியல் அரிது. அங்கே வரிசையை நிர்ணயிப்பது பெரும்பாலும் பில்தான்: எந்த வேலைக்கு நிதி வந்ததோ, எந்த வேலையில் ஒப்பந்ததாரர் அவசரப்படுத்துகிறாரோ, அது முன்னால் நகரும்.

பதிவேட்டில் கதை தலைகீழ். தமிழ்நாட்டுப் பிரிவு அலுவலகத்தின் உயிர் எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகம். பக்கங்களுக்கு அச்சிட்ட எண், கிழிக்கக் கூடாது. வேலையின் பெயர், ஒப்பந்தத்தின் எண், அளந்த தேதி, பிறகு நீளம், அகலம், ஆழம், மொத்தம் என்று கட்டங்கள். பிழை வந்தால் அழிக்காமல் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம். உதவி செயற்பொறியாளர் வந்து சரிபார்ப்பு அளவு எடுப்பார். பில் தயாரித்ததும் அந்தப் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் கோடு விழும்; அதே அளவுக்கு மறுபடி பில் போட முடியாது. உதவிப் பொறியாளர் மாற்றலாகிப் போனாலும், அடுத்து வருபவர் புத்தகங்களைப் புரட்டினாலே ஒவ்வொரு வேலையும் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். இலங்கையில் கட்டுமானத் துறை அபிவிருத்தி அதிகார சபையின் மாதிரி ஒப்பந்த ஆவணங்களின்படி, செய்த வேலையின் மாதக் கூற்றை ஒப்பந்தகாரர் கொடுப்பார். பொறியியலாளர் சரிபார்த்துச் சான்று வழங்குவார். இந்த ஏற்பாடு சிறு குழுவின் எழுத்து வேலையைக் குறைக்கிறது. ஆனால் பத்து ஒப்பந்தங்களின் கூற்றுகளும் ஒரே வாரத்தில் மேசைக்கு வந்தால், களத்துக்குப் போய்ப் பார்க்க ஆள் மிஞ்சுவதில்லை.

மண் வேலையில் இந்தச் சிக்கல் முற்றிவிடும். தூர்வாருவதற்கு முன்பும் பின்பும் குறுக்குவெட்டு லெவல் எடுத்தால்தான் அள்ளிய மண்ணின் அளவு தெரியும். கடைசி லெவல் எடுப்பதற்குள் குளம் நிரம்பிவிட்டால், கணக்கு வாய்வார்த்தையாகிவிடும். குழுவிடம் இருப்பது ஒரே லெவல் கருவி என்றால், அது எந்த நாள் எந்த ஊரில் இருக்க வேண்டும் என்பதுதான் உண்மையான வேலைத் திட்டம். மற்ற அட்டவணைகள் அதற்குப் பின்னால்தான் வரும். கான்கிரீட்டுக்கும் இப்படி ஒரு கெடு உண்டு. வார்த்த கட்டியை நசுக்கி வலு பார்க்கும் கியூப் சோதனையின் இறுதி முடிவு 28ஆம் நாளில்தான் வரும். தமிழ்நாட்டில் மார்ச் 3க்குப் பின்னும், இலங்கையில் டிசம்பர் 3க்குப் பின்னும் போடும் கான்கிரீட்டின் முடிவு அந்த நிதியாண்டுக்குள் கிடைக்காது. பல இடங்களின் கியூப்கள் ஒரே ஆய்வுக்கூடத்தில் குவியும்போது, வேலையின் பெயரும் தேதியும் எழுதாத கியூப் குப்பைக்குச் சமம்.

ஆகவே தமிழ்நாட்டுப் பிரிவு அலுவலகங்கள் இலங்கையிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது பருவத்துக்கு முன் தேதி குறிக்கும் கூட்டம். இலங்கைக்கு உதவக்கூடியது, ஒப்பந்தகாரரின் கூற்றுக்குப் பக்கத்திலேயே அரசுத் தரப்பு தன் கையால் களத்தில் எழுதிவைக்கும் அளவு. இரண்டுக்கும் புதிய பணியிடமோ மென்பொருளோ தேவையில்லை.