அழுவதற்கான தகுதி: உளப்பகுப்பாய்வும் 'மனவளர்ச்சி குன்றியவ'ரும்

சொல்லிலிருந்தே தொடங்கலாம். 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று பல பத்தாண்டுகளாக எழுதியும் பேசியும் வந்திருக்கிறோம். பள்ளிகளின் பெயர்ப்பலகையில், பஸ் பாஸ் விண்ணப்பத்தில், நன்கொடை ரசீதில் எல்லாம் இந்தச் சொல்தான். குன்றியது எது? கணக்குப் போடுவதிலும் காசு எண்ணுவதிலும் வழி கண்டுபிடிப்பதிலும் உள்ள தாமதத்தைக் குறிக்க வந்த சொல், மனமே வளரவில்லை என்று தீர்ப்பெழுதிவிடுகிறது. அறிவு குறைவு, ஆகவே மனம் குறைவு, ஆகவே துக்கமும் குறைவு என்ற ஒரு சமன்பாடு அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. அரசு ஆவணங்கள் பிற்பாடு 'அறிவுசார் குறைபாடு' என்று மாறிக்கொண்டன. சமன்பாடு அப்படியேதான் இருக்கிறது.

சாவு வீட்டில் இதைப் பார்க்கலாம். தகப்பன் இறந்து கிடக்கிறார். முப்பது வயது மூத்த மகனைப் பின்கட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ அனுப்பிவிடுகிறார்கள். 'அதுக்கு ஒண்ணும் தெரியாது, பாவம்.' அவனே கேட்டால், 'அப்பா ஊருக்குப் போயிருக்காரு, வந்துடுவாரு.' தலைமகனின் உரிமை என்று மற்ற வீடுகளில் அடிதடி வரை போகும் கொள்ளியை, பேச்சே இல்லாமல் தம்பி வாங்கிக்கொள்கிறான். மூன்று மாதம் கழித்து அவன் தலையைச் சுவரில் மோதுகிறான், சோற்றைத் தள்ளிவிடுகிறான். 'நல்லாத்தான் இருந்தான், திடீர்னு இப்படி ஆயிட்டான்' என்கிறார்கள். மாத்திரை வருகிறது. சாவையும் சுவரையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

'அதுக்கு' என்ற அந்த நான்காம் வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் ஒரு பட்டியல் உண்டு: பொருளால் உயர்திணையாகவும் முடிபால் அஃறிணையாகவும் வரும் சொற்கள். குழவி அதில் இருக்கிறது. உறுப்பின் கிளவியும் இருக்கிறது. குருடு, முடம் என்று உரைகாரர்கள் காட்டுவார்கள். அரசும் அதே பட்டியலில் வருவதால், இலக்கணத்தின் மேல் முழுப்பழியையும் போட்டுவிட முடியாது. ஆனால் பேச்சில் குழந்தையை 'அது' என்கிற கொஞ்சலும் குறைபாடுள்ளவரை 'அது' என்கிற தள்ளலும் ஒன்றாகக் கலந்துபோகின்றன. முப்பது வயதுக்காரர் நிரந்தரக் குழந்தையாக்கப்படுகிறார். குழந்தையிடம் சாவைச் சொல்ல வேண்டியதில்லை என்ற வழக்கம் அவருக்கும் பொருத்தப்படுகிறது.

இதெல்லாம் நம்மூர் அறியாமை என்று ஒதுக்கிவிட்டு நவீன உளவியலிடம் போனால், அங்கேயும் வாசலில் ஆள் நிற்கிறது. ஃபிராய்டு 1904 டிசம்பரில் வியன்னா மருத்துவர்கள் முன் ஆற்றிய உரை 1905-இல் அச்சாகிறது. ஓரளவு கல்வியும் நம்பத்தகுந்த குணமும் இல்லாதவர்களை உளப்பகுப்பாய்வுக்கு எடுக்க வேண்டாம் என்கிறார் அதில். அதே 1905-இல் பாரிசில் பினேயும் சிமோனும் தம் அளவுகோலை வெளியிடுகிறார்கள். பள்ளியில் கூடுதல் உதவி வேண்டிய பிள்ளைகளை அடையாளம் காண்பதே பினேயின் நோக்கம். அமெரிக்கா போனதும் அது வடிகட்டும் கருவியாகிவிட்டது. கோடார்டு 1910-இல் 'மோரான்' என்ற சொல்லை உண்டாக்கினார். 1927-இல் பக் எதிர் பெல் வழக்கில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் கட்டாயக் கருத்தடைக்கு இசைவு தந்தது. பேச்சு ஒரு சிகிச்சையானது. அந்தப் பேச்சுக்கு யார் லாயக்கில்லை என்று சொல்ல ஓர் எண்ணும் தயாரானது. இரண்டும் ஒரே ஆண்டில் அச்சேறியது தற்செயல்தான். ஆனால் ஒன்றுக்கொன்று வெகு வசதியாகப் பொருந்திக்கொண்டன.

இந்த விலக்கலின் வேர் இன்னும் பழையது. 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எஸ்கிரோல் சொன்ன ஓர் உவமை: பைத்தியம் என்பவன் சொத்தை இழந்த பணக்காரன், மூடனோ எப்போதுமே ஏழை. ஃபூக்கோ தமது 1973-74 விரிவுரைகளில் (2003-இல்தான் நூலாயின) இந்தக் காலத்தை ஆராய்கிறார். உளமருத்துவ அதிகாரம் புகலிடத்தின் சுவரைத் தாண்டிப் பரவியது பைத்தியத்தைக் காட்டிலும் 'மூடக் குழந்தை'யின் வழியாகத்தான் என்பது அவர் வாதம். செகன் முதலானோர் வளர்ச்சி என்றொரு நேர்கோட்டுக் காலத்தை வரைந்து, அதில் நின்றுபோனவர், பின்தங்கியவர் என்று ஆட்களை இருத்தினார்கள். நம் விஷயத்துக்கு இதன் விளைவு கொடூரமானது. எப்போதுமே ஏழை என்று முடிவு செய்யப்பட்டவனுக்கு இழப்பு எப்படி வரும்?

வருகிறது என்பதற்குச் சான்று உண்டு. 1997-இல் ஷீலா ஹாலின்ஸும் எஸ்டர்ஹைசனும் பெற்றோரில் ஒருவரை இழந்த 50 பேரை, இழக்காத 50 பேரோடு ஒப்பிட்டார்கள். எல்லோரும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள். இழந்தவர்களிடம் மனச்சிக்கல்களும் நடத்தைச் சிக்கல்களும் கூடியிருந்தன; பராமரித்தவர்களோ அவற்றைச் சாவோடு தொடர்புபடுத்தவில்லை. இதற்கு முன்பே, 1982-இல், அமெரிக்காவில் ஸ்டீவன் ரீஸும் சகாக்களும் இன்னொன்றைக் காட்டியிருந்தார்கள். ஒருவரின் கடும் பயத்தை விவரித்து உளவியலாளர்களிடம் கொடுத்தபோது, அவர் மூளைத்திறன் குறைந்தவர் என்று ஒரு வரி சேர்த்ததுமே, அந்தப் பயத்தை மனப்பிரச்சினையாகக் காணும் போக்கு குறைந்துபோனது. ஒரு பெயரின் நிழல் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. நிழலுக்குள் என்ன போகிறது? மாத்திரை. இங்கிலாந்தில் தகுந்த காரணமின்றி மனநோய் மருந்து தரப்படும் இத்தகையோர் நாளொன்றுக்கு 30,000 முதல் 35,000 பேர் என்று 2015-இல் அங்குள்ள பொதுச் சுகாதாரத் துறையே மதிப்பிட்டது.

வாசலைத் திறந்தவர்களும் உண்டு. லக்கான் வட்டத்தைச் சேர்ந்த மோத் மன்னோனி 1964-இல் எழுதிய நூலில் எண்ணைத் தள்ளிவைத்துவிட்டு, இந்தப் பிள்ளை தாயின் மனப்புனைவில் என்னவாக இருக்கிறது என்று கேட்டார். கேட்டது முக்கியம். ஆனால் இதை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாது. 'பெத்தவ செஞ்ச பாவம்' என்று ஊர் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறது. கர்மவினைக் கோட்பாடும் தாய்க் கோட்பாடும் ஒரே பெண்ணின் தலையில்தான் போய் இறங்கும்.

லண்டன் டாவிஸ்டாக் மருத்துவமனையில் பணியாற்றிய வாலரி சினாசன் 1992-இல் எழுதிய நூல் இன்னும் நெருக்கமானது. உடலோடு வந்த குறைபாட்டின்மேல், வேதனையைத் தாங்குவதற்காக ஆளே போட்டுக்கொள்ளும் மற்றொரு குறைபாடு உண்டு என்கிறார் அவர். தெரிந்ததையும் தெரியாததுபோல் ஆக்கிக்கொள்வது. எந்நேரமும் சிரிப்பது. அந்தச் சிரிப்பை நமக்குத் தெரியும்; 'வெகுளி' என்று பெயர் சூட்டி சினிமாவில் கைதட்டியிருக்கிறோம். தன் இருப்பே அடுத்தவருக்குச் சங்கடம் என்று அறிந்த ஒருவர் கொடுக்கும் சமாதானக் காணிக்கை அது என்று ஒருபோதும் யோசித்ததில்லை.

ஆனால் விளக்குகிறவரின் அதிகாரத்தையும் கேள்வி கேட்கத்தான் வேண்டும். எதிரில் இருப்பவர் 'நான் அப்படிச் சொல்லலை' என்று மறுக்க வல்லமை குறைந்தவராக இருக்கும்போது, வியாக்கியானம் எல்லை மீறுவது சுலபம். இதே சினாசன் 1994-இல் சாத்தான் வழிபாட்டு வன்கொடுமை பற்றிய நூலொன்றைத் தொகுத்தார். அதே ஆண்டு பிரிட்டிஷ் அரசுக்காக அத்தகைய புகார்களை ஆராய்ந்த மானிடவியலாளர் ஜீன் லா ஃபோன்டேன், சாத்தான் வழிபாட்டுக்குச் சான்று இல்லை என்று அறிக்கை தந்தார். பேசாதவருக்காகப் பேசுவதிலும் ஒரு வன்முறை உண்டு.

நம் சட்டங்களுக்கு வருவோம். 1912ஆம் ஆண்டின் பைத்தியச் சட்டம் 'மூட'னையும் பைத்தியம் என்ற வரையறைக்குள் அடக்கியது. 1987 சட்டம் அவரை வெளியே எடுத்தது. இது ஓர் ஆதாயம். புகலிடத்தில் அடைக்கப்படுவதிலிருந்து ஒரு விடுதலை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 'அறிவுசார் குறைபாடு' என்ற புதிய பெயரைத் தந்தது. ஓராண்டுகூட ஆகவில்லை, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் பழைய 'மனவளர்ச்சிக் குறைவு' என்ற பெயரையே பிடித்துக்கொண்டு, அது மனநோயில் சேராது என்று எழுதிவைத்தது. குறைபாடு நோயாகாது என்பது சரிதான். குறைபாடு உள்ளவருக்கு மனநோயும் வந்தால் சிகிச்சை தரக்கூடாது என்று சட்டம் சொல்லவுமில்லை. ஆனால் நடைமுறையில் இரண்டு கதவுகள் உருவாகின்றன. ஒன்றில் பயிற்சி: பட்டன் போடு, பல் தேய், கூப்பிட்டால் வா. மற்றதில் சிகிச்சை. துக்கத்தோடு வருகிறவரை முதல் கதவு இரண்டாவதற்கு அனுப்புகிறது. 'இது எங்க கேஸ் இல்லையே' என்று இரண்டாவது திருப்பி அனுப்புகிறது.

அப்படியானால் என்ன செய்வது? ஹாலின்ஸ் 1989-இல் வேறொருவரோடு சேர்ந்து அப்பா இறந்தபோது, அம்மா இறந்தபோது என்று இரண்டு படப் புத்தகங்கள் கொண்டுவந்தார். கதையைப் படங்களே சொல்கின்றன. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லப் புரட்ட வேண்டும், அவ்வளவுதான். சிகிச்சைக்குத் தகுதி வேண்டியது நோயாளிக்கு என்ற ஃபிராய்டின் நிபந்தனை இங்கே தலைகீழாகிறது. காத்திருக்கும் தகுதி சிகிச்சை தருபவருக்கு வேண்டும்.

நம்மிடமும் இதற்கு இணையான ஒன்று இருக்கிறது. ஒப்பாரியில் பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக அமர்ந்து அழும்போது, யாருக்கு எவ்வளவு புரிந்தது என்று கேட்பாரில்லை. மரபைத் தூக்கிப்பிடிக்க இதைச் சொல்லவில்லை. அந்த வட்டத்துக்குள்ளும் அவனை விடவில்லை என்பதே இங்கே வழக்கு. உளவியல் ஆலோசகர் இல்லாத ஊரிலும் செய்யக்கூடியவை சில உண்டு. அப்பா செத்துப்போயிட்டாரு என்று அதே வினைச்சொல்லால் அவனிடம் சொல்லலாம். முகத்தைத் தொட்டுப் பார்க்க விடலாம். கொள்ளிக்குடம் எடுக்கும் தம்பியின் பக்கத்தில் அவனையும் நிறுத்தலாம். அடுத்த வாரம் அவன் மறுபடி 'அப்பா எங்க?' என்று கேட்பான். மறுபடியும் சொல்ல வேண்டும்.