மணிக்கணக்கில் உழைப்பு, மாதக்கணக்கில் ஊதியம்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையும் மின்சார ரயில் பாதையும் இணைந்து செல்லும் நிலப்பரப்பில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ஒரு முனையில் 1937 முதல் தாம்பரத்தில் இயங்கும் சென்னைக் கிறித்துவக் கல்லூரி, மறுமுனையில் செங்கல்பட்டு இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரி, இடையில் காட்டாங்குளத்தூரைச் சுற்றிப் பல தனியார் நிறுவனங்கள். சிங்கப்பெருமாள் கோவில், மறைமலைநகர் போன்ற ஊர்களில் குடியிருந்துகொண்டு இத்தகைய கல்லூரிகளுக்குப் பாடம் நடத்தப் போகிறவர்களில் எல்லோரும் நிரந்தரப் பேராசிரியர்கள் அல்லர். தமிழகம் முழுவதும் கௌரவ விரிவுரையாளர், பகுதிநேர விரிவுரையாளர் என்ற பெயர்களில் உயர்கல்வியின் பெரும்பளுவைத் தூக்குகிறவர்கள் நிரந்தரமில்லாத மற்றவர்கள். இவர்களுக்கு எவ்வளவு தரவேண்டும் என்று பேசுகிறோம். எத்தனை நாளுக்கு ஒருமுறை தரவேண்டும் என்று பேசுவதில்லை. அந்தக் கேள்வியையும் பேசியாக வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியில் வகுத்த நெறிமுறைப்படி, கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு பாடவேளைக்கு 1,500 ரூபாய். மாதத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. கணக்கிடும் அலகு மணிநேரம். வரம்பு கட்டும் அலகு மாதம். ஏறத்தாழ 33 பாடவேளைகளில் அந்த உச்சவரம்பு நிரம்பிவிடும். அதற்கு மேல் எடுக்கும் வகுப்புக்குக் கூலி இல்லை. தமிழக அரசுக் கல்லூரிகளில் இந்தத் தொகைகூட எட்டாக்கனியாக இருந்ததால்தான் வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. மாதம் 50,000 ரூபாய் வழங்க 2024-இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆண்டில் 11 மாதங்களுக்கே ஊதியம், மே மாதத்துக்கு இல்லை என்ற நடைமுறையும் இவர்களை வாட்டுகிறது.

மாத ஊதிய முறைக்கு நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வீட்டு வாடகை, கடன் தவணை, மின்சார ரயிலின் சீசன் டிக்கெட் எல்லாம் மாதக் கணக்கில்தான் வருகின்றன. மொத்தமாகக் கைக்கு வரும் தொகையை ஒதுக்கிவைப்பதும் சேமிப்பதும் எளிது. அலுவலகத்துக்கும் ஒரு பில், ஒரு சரிபார்ப்பு. ஆனால் இந்த முறை நிரந்தர ஊழியருக்காக உருவானது. அவருக்கு ஊதியத்துடன் விடுப்பும், பண்டிகை முன்பணமும், விடுமுறைக் காலச் சம்பளமும் உண்டு. ஆகவே மாத முடிவுவரை காத்திருப்பது அவருக்குப் பெரிய சுமை ஆவதில்லை. மணிக்கணக்கில் ஊதியம் பெறுகிறவருக்கோ இவற்றில் எதுவும் கிடையாது. நிரந்தர ஊழியரின் பாதுகாப்புகளை விட்டுவிட்டு, அவருடைய காத்திருப்பை மட்டும் இவர்மேல் ஏற்றியிருக்கிறோம்.

இந்தக் காத்திருப்பின் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மாத ஊதியம் அடுத்த மாதம் 7-ஆம் தேதி வருவதாக வைத்துக்கொண்டால், ஜூன் 1 அன்று எடுத்த வகுப்புக்கு ஜூலை 7 அன்றுதான் பணம்: 36 நாள். ஜூன் 30 வகுப்புக்கு 7 நாள். சராசரியாக ஒவ்வொரு வகுப்பின் ஊதியமும் மூன்று வாரம் கல்லூரிக்கு வட்டியில்லாக் கடனாக நிற்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அது முடிந்த இரண்டு நாளில் கொடுத்தால் இந்தச் சராசரி ஒன்பது நாளாகக் குறையும். மே மாத ஊதியமும் இல்லாதபோது நிலைமை இன்னும் மோசம். ஏப்ரல் ஊதியம் மே 7 அன்று வந்தால் அடுத்தது ஜூலை 7 அன்றுதான். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய ஜூன் மாதம் இடையில் வெறுங்கையோடு கழிகிறது. கல்லூரி வட்டியில்லாமல் வைத்திருக்கும் பணத்துக்காக விரிவுரையாளர் நகைக்கடனுக்கும் கைமாற்றுக்கும் போகவேண்டியிருக்கிறது. மாதம் இருமுறை ஊதியம் என்றால் ஜூன் நடுவிலேயே முதல் பணம் வந்துவிடும்.

இதற்கு மறுப்பாக நிர்வாகச் சுமையை முதலில் சொல்வார்கள். துறைத்தலைவர் வகுப்புக் கணக்கைச் சான்றளிக்க, முதல்வர் ஒப்பமிட, பில் கருவூலம் போய்வரவே மாதம் ஆகிறதே என்பது வாதம். காகிதப் பதிவேடு மட்டும் இருந்த காலத்தில் இது செல்லுபடியானது. அரசு ஊழியர் ஊதியம் முழுவதும் கணினிவழி மேலாண்மைத் திட்டத்துக்குள் வந்து, அதற்கான களஞ்சியம் செயலி கைப்பேசியிலேயே இருக்கும் இன்று, வகுப்புகளை அன்றன்று பதிந்து மாதத்தில் இருமுறை தொகுப்பது இயலாத காரியம் அல்ல. மகாத்மா காந்தி ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005-லேயே கிராமப்புறத் தொழிலாளருக்கு வாரந்தோறும், அதிகபட்சம் 15 நாளுக்குள் கூலி தரவேண்டும் என்று விதித்தது. நடைமுறையில் தாமதங்கள் இருந்தாலும் அச்சட்டம் வகுத்த நெறி அதுதான். ஏரி வெட்டுகிறவருக்குப் பொருந்தும் நெறி பாடம் நடத்துகிறவருக்குப் பொருந்தாதா? பேராசிரியர் தகுதிக்கு இது குறைவு என்ற மறுப்பும் நிற்காது. கடன் கேட்டு நிற்பதைவிடக் கௌரவக் குறைவு வேறில்லை.

2025 நவம்பர் 21 முதல் நடப்பிலுள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு நாள், வாரம், இருவாரம், மாதம் என நான்கு ஊதியக் காலங்களையும் அனுமதிக்கிறது. இருவார ஊதியத்தை இரண்டு நாளுக்குள்ளும், மாத ஊதியத்தை 7 நாளுக்குள்ளும் தரச் சொல்கிறது. ஆசிரியர் அன்றைய தொழில் தகராறுகள் சட்டப்படி தொழிலாளர் அல்லர் என்று 1988-இல் சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே புதிய தொகுப்பு இவர்களைக் காக்கும் என்று நம்பி இருந்துவிட முடியாது. ஆனால் அரசு தானாகவே ஓர் அரசாணையால் இருவார ஊதியத்தைக் கொண்டுவரலாம்.

ஊதியத்தைப் பிரித்துக் கொடுப்பதால் குறைந்த ஊதியம் கூடிவிடாது. மே மாதமும் நிறைந்துவிடாது. பணி நிரந்தரமும் கிடைத்துவிடாது. அந்தப் போராட்டங்கள் தொடரத்தான் வேண்டும். ஆனால் பெரிய தீர்வு வரும்வரை சிறிய நியாயத்தை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. மணிக்கணக்கில் ஊதியம் பெறும் ஒவ்வொருவருக்கும் மாதத்தில் இருமுறை, முன்கூட்டி அறிவித்த தேதியில் பணம் வரவேண்டும். மாதம் ஒருமுறை போதும் என்பவர் அதையே தேர்ந்துகொள்ளலாம். தேதி தவறினால் கல்லூரி வட்டி தரவேண்டும். உயர்கல்வித் துறை வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க வேண்டும்.