கொங்கு மண்ணில் சீசரின் முகம்

கொங்கு நாட்டுப் புதையல்களில் கிடைக்கும் ரோமானிய வெள்ளிக்காசுகள் பெரும்பாலும் இரண்டே அச்சுகள். ஒன்று அகஸ்டஸுடையது: முன்பக்கம் வாகை சூடிய தலை, பின்பக்கம் அவன் தத்தெடுத்த மகள்வழிப் பேரன்கள் காயுஸும் லூசியுஸும் கேடயத்தோடு நிற்கிறார்கள். அடுத்த பட்டம் இவர்களுக்கே என்ற அறிவிப்பு அது. மற்றது டைபீரியஸுடையது, பின்பக்கம் கையில் கிளையோடு ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். பார்ப்பவர் அழகில் மயங்கிவிட வேண்டாம். இது அரசியல் விளம்பரம். ஆளுவோனின் முகத்தைக் கடைத்தெருவரை கொண்டுபோக அன்று இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் புழக்கத்துக்கு விட்ட காசைத் திரும்பப் பெறுவது எளிதல்ல. லூசியுஸ் கி.பி. 2இலும் காயுஸ் கி.பி. 4இலும் இறந்தார்கள், பட்டம் டைபீரியஸுக்குப் போனது. காசு மட்டும் செத்துப்போன வாரிசுகளை அறிவித்துக்கொண்டே கடல் கடந்தது.

தமிழனுக்காகவா அதை அச்சடித்தார்கள் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் ரோமிலேயே அதை யார் உற்றுப் பார்த்தார்கள் என்று வரலாற்றாசிரியர் ஏ.எச்.எம். ஜோன்ஸ் 1956இல் ஐயம் எழுப்பினார். முழுக்க ஏற்க முடியவில்லை. வரிக்காசிலுள்ள உருவம் யாருடையது என்று இயேசு கேட்டதும் சீசருடையது என்று பதில் வருகிறதே! முகம் எட்டியது; பின்பக்கத்துப் பாடம் அந்த அளவு எட்டியிருக்குமா என்பதே சந்தேகம். கிளாடியஸ் காலத்தில் இலங்கை மன்னன் வியந்ததாகப் பிளினி எழுதுவதும் இதற்கு ஒத்துவருகிறது: முகங்கள் வெவ்வேறாக இருந்தும் காசுகளின் எடை ஒன்றாக இருந்ததே அவனைக் கவர்ந்ததாம். நம் வணிகர்களின் கண்ணும் வெள்ளியில்தான் இருந்திருக்க வேண்டும். கி.பி. 64இல் நீரோ எடையையும் மாற்றையும் குறைத்தபின் வந்த புது வெள்ளிக்காசுகள் இங்கே அரிது. தங்கத்துக்கும் மரியாதை கிடைக்கவில்லை. 1898இல் கிடைத்த புதுக்கோட்டைப் புதையலின் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசன் தலைமேலேயே உளிவெட்டு. சோதிக்கவோ செல்லாததாக்கவோ வெட்டியிருக்கலாம். எப்படியானாலும் முகம் பார்த்துக் கை தயங்கவில்லை.

கரூரில் கிடைத்த சேர மன்னன் மாக்கோதையின் வெள்ளிக்காசு ரோமானியப் பாணியில் தலையுருவம் தாங்கியிருப்பதைச் சுட்டி, விளம்பரம் வென்றுவிட்டது என்பார்கள். வென்றது வடிவம், சீசர் அல்ல. ஒரு முகம், பக்கத்தில் ஒரு பெயர் என்ற ஏற்பாட்டைச் சேரன் எடுத்துக்கொண்டான். முகம் இருந்த இடத்தில் தன்னை வைத்தான், பெயரைத் தமிழி எழுத்தில் பொறித்தான்.