உறைக்குள் ஒரு சிட்டிகை முடி

ஊசி வேண்டாம், ஐஸ் பெட்டி வேண்டாம். பின்னந்தலையில் ஒரு சிட்டிகை முடி, காகித உறைக்குள் நாலு நகத்துண்டு போதும். புற்றுநோய் வந்தவரிடமும் வராதவரிடமும் வாங்கி, துத்தநாகம், செம்பு, செலினியம் போன்ற நுண்தனிமங்களை அளந்து ஒப்பிட்டுவிடலாம். பெரிய வைத்தியத்துக்கு மதுரைக்குப் பஸ் ஏறும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இந்த எளிமை சாதாரண விஷயமில்லை.

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். குடிநீரில் ஆர்சனிக் இருந்தால் அதில் பதிந்துவிடும். மேற்கு வங்கத்தில் குழாய்க்கிணற்று நீர் குடித்தவர்களின் முடியும் நகமும் அப்படித்தான் காட்டிக்கொடுத்தன. ஆர்சனிக் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோயைத் தரும் என்பதில் சந்தேகமில்லை. அந்த இடத்தில் இந்தச் சோதனையை முழுமனதோடு ஏற்கிறேன்.

செம்பும் துத்தநாகமும் வேறு கதை. நோயாளியின் ரத்தத்தில் செம்பு ஏறி, துத்தநாகம் இறங்கியிருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் உடம்பில் அழற்சி வந்தாலே, செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் புரதத்தைக் கல்லீரல் கூடுதலாகச் சுரக்கும். துத்தநாகத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். சாப்பாடு இறங்காமல் மெலிந்தவருக்கு அது இன்னும் குறையும். ஆக, நோய்க்குப் பின் எடுத்த ரத்தம் சொல்வது காரணத்தையா, விளைவையா? நோய் வருமுன்பே மாதிரி எடுத்துவைத்து, வருடக்கணக்கில் பின்தொடர்ந்தால்தான் பிரித்தறிய முடியும்.

முடியும் ஏமாற்றும். சில பொடுகு ஷாம்புகளில் செலினியம் சல்பைடு இருக்கிறது. தேய்த்தவர் முடியில் செலினியம் ஏறித் தெரியும், அவர் சாப்பிட்டதில் இல்லாவிட்டாலும். தலைச்சாயத்தையும் போர்த் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2001இல் அமெரிக்காவில் ஒரே ஆளின் முடியைப் பிரித்து 6 ஆய்வகங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 12 தனிமங்களில் முடிவுகள் பத்து மடங்குக்கும் மேல் வேறுபட்டன.

எனக்குப் பதற்றம் தருவது, தாளில் ‘குறைவு’ என்று கண்டதும் மாத்திரைக்கு ஓடுவது. வட அமெரிக்காவில் 35,000க்கும் அதிகமான ஆண்களிடம் செலினியத்தையும் வைட்டமின் ஈயையும் சோதித்து, 2008இல் மாத்திரையை நிறுத்தினார்கள். செலினியம் புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கவில்லை. உடம்பில் ஏற்கெனவே நிறைய செலினியம் இருந்தவர்களுக்கு, அந்த மாத்திரையால் தீவிர வகைப் புற்றுநோய் கூடியதாக 2014இல் தெரிந்தது.

‘கூடுதல்’ என்று கண்டாலும் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். காட்மியம் என்ற உலோகத்தைப் புகையிலைச் செடி மண்ணிலிருந்தே உறிஞ்சுகிறது. பீடி, சிகரெட் வழியாக அது நெஞ்சுக்குள் போகிறது. ஆகவே முடியைப் போடுமுன் உறையின் மேல் நாலு கேள்வி எழுதட்டும்: என்ன தண்ணீர், என்ன வேலை, பீடி உண்டா, எந்த ஷாம்பு?