டிஃபால்ட் எழுதாத கை

சி++ நிரல் எதைப் படித்தாலும் என் கண் முதலில் போவது ஸ்விட்ச்சின் கடைசி வரிக்குத்தான். அங்கே டிஃபால்ட் இல்லை, அதுவும் தெரிந்தே விடப்பட்டிருக்கிறது என்றால், எழுதியவர் மீது தனி மதிப்பு வந்துவிடும்.

ஓர் ஆர்டரின் நிலைகளை எனம் ஒன்றில் வைத்திருக்கிறோம்: பெறப்பட்டது, அனுப்பப்பட்டது, சேர்ந்தது. ஸ்விட்ச்சில் மூன்றுக்கும் மூன்று கேஸ், ஒவ்வொன்றிலும் ஒரு ரிட்டர்ன். ஆறு மாதம் கழித்து யாரோ 'திரும்பி வந்தது' என்று நான்காவதாக ஒன்றைச் சேர்க்கிறார்கள். ஜி.சி.சி.யில் 'டபிள்யூ-ஆல்' போட்டு கம்பைல் செய்தால் போதும். அதற்குள்ளேயே 'டபிள்யூ-ஸ்விட்ச்' எச்சரிக்கையும் அடக்கம். எந்தக் கோப்பு, எந்த வரி, எந்தப் பெயர் விட்டுப்போனது என்று கம்பைலர் ஒவ்வோர் இடமாகச் சுட்டிக்காட்டிவிடும். கிளாங்குக்கு அந்தக் கொடியும் வேண்டாம், கேட்காமலே சொல்லும்.

டிஃபால்ட் இருந்தால் 'டபிள்யூ-ஸ்விட்ச்' வாயே திறக்காது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், கடைசி கேஸ்தானே என்று 'சேர்ந்தது' நிலையை டிஃபால்ட்டில் எழுதியிருந்தார்கள். திரும்பி வந்த பார்சல்களுக்கெல்லாம் 'சேர்ந்துவிட்டது' என்று குறுஞ்செய்தி போனது. காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

டிஃபால்ட் இருந்தாலும் எச்சரிக்கும் 'டபிள்யூ-ஸ்விட்ச்-எனம்' என்றொரு கொடி உண்டு. அதில் எனக்கு மனம் ஒட்டவில்லை. ஐம்பது பெயரில் இரண்டுக்கு மட்டும் வேலை இருக்கும் இடத்திலும் அது விடாமல் கத்தும்.

நான் சொக்கிப்போவது இன்னொன்றில். சி++ எனம் மாறி பட்டியலில் இல்லாத எண்ணையும் சுமக்க முடியும். அதனால் எல்லா கேஸும் எழுதிய பிறகும் ஒரு காவல் தேவைதான். அனுபவசாலி அந்தக் காவலை, அதாவது நிரலை அங்கேயே நிறுத்தும் அபார்ட் வரியை, டிஃபால்ட்டுக்குள் வைக்கமாட்டார். ஸ்விட்ச்சை மூடும் அடைப்புக்குறியைத் தாண்டி, அடுத்த வரியில் வைப்பார். தெரிந்த பெயர் எதுவானாலும் உள்ளேயே ரிட்டர்ன் ஆகிவிடும். தெரியாத எண் மட்டுமே வெளியே வந்து இந்த வரியில் மாட்டும். புதுப் பெயர் சேர்ந்தால் கம்பைல் நேரத்திலேயே பிடிபடும், கெட்ட எண் வந்தால் ஓடும்போது பிடிபடும். ஒரே வரிதான், ஓர் அடைப்புக்குறி தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான்! எல்.எல்.வி.எம். திட்டத்தின் நிரல் நெறிகள் இதை விதியாகவே எழுதி வைத்திருக்கின்றன. எல்லாப் பெயரும் எழுதிய ஸ்விட்ச்சில் டிஃபால்ட்டும் வைத்தால் எச்சரிக்க, கிளாங்கில் 'கவர்ட்-ஸ்விட்ச்-டிஃபால்ட்' என்று ஒரு கொடியும் இருக்கிறது.

இந்தக் கறார் புதிதல்ல. 1983இல் தரப்படுத்தப்பட்ட அடா மொழியில் ஒரு மதிப்பு விட்டுப்போனாலும் நிரல் கம்பைல் ஆகாது. ஸ்விஃப்ட்டும் ரஸ்ட்டும் அந்த வழிதான். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய வடிவங்களிலும் விடுபட்டது எது என்று ரஸ்ட் மாதிரியோடு காட்டும். அதன் அடித்தளத்தில் லூக் மரான்ஷே 2007இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இருக்கிறது. அந்த மொழிகளில் இது சட்டம். சி++இல் எழுதுகிறவரின் கைப்பழக்கம், அதனால்தான் அங்கே பார்க்கும்போது எனக்கு இத்தனை மகிழ்ச்சி.

உங்கள் நிரலில் எல்லா கேஸும் எழுதிய பிறகும் டிஃபால்ட் நிற்கும் ஸ்விட்ச் ஒன்றாவது இருக்கும். இன்றைக்கே தேடிப் பிடித்து, அந்த வரியை அடைப்புக்குறிக்கு வெளியே எடுத்து வையுங்கள்.