சதுரக் காசின் பழுப்பு

மலாயாவின் சதுரக் காசு மூன்று நிறங்களில் அகப்படும்: அச்சுச்சாலையிலிருந்து வந்த சிவப்பு, எழுத்து இடுக்குகளில் மட்டும் அந்தச் சிவப்பு மிஞ்சிய செம்பழுப்பு, பளபளப்பு முழுதும் அடங்கிய பழுப்பு. விலைப்பட்டியல்கள் இதே வரிசையில் மதிப்பைக் குறைத்துக்கொண்டு போகின்றன. ஆறாம் ஜார்ஜின் 1939 முதல் 1941 வரையிலான காசுகளுக்கு அந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிப்பதே தகும். சிவப்புக் காசு கைபடாத காசு, அவ்வளவுதான். கருப்பட்டி நிறத்துக்கு ஏறியதில்தான் மன்னரின் கன்னமேடும் பின்புறத்து முத்து வளையமும் நிழலோடு பிரிந்து தெரிகின்றன.

இந்தப் பழுப்பை அழுக்கென்று எண்ணுவோர் இன்னும் உண்டு. வெண்கலத்திலுள்ள செம்பு காற்றோடு சேர்ந்து முதலில் செந்நிற ஆக்சைடாகப் படிகிறது. காற்றிலுள்ள கந்தகம் சேரச் சேரக் கறுக்கிறது. சீராகப் படிந்துவிட்டால் அடியிலுள்ள உலோகத்துக்கு அதுவே காப்பு. எல்லாக் கறுப்பும் காலத்தால் வந்தது என்றும் சொல்வதற்கில்லை. அரைப்பவுன் தங்கக் காசு என்று யாரும் ஏமாறாதபடி 1897 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் லண்டன் அச்சுச்சாலை தன் ஃபார்த்திங் காசுகளைக் கறுக்கவைத்தே வெளியிட்டது. 1944–46 பென்னிகளுக்கும் அதே கதிதான்.

சதுரக் காசைப் பார்ப்பவர் முதலில் மூலைகளைப் பார்க்க வேண்டும். நீரிணைக் குடியேற்றங்களின் 1919ஆம் ஆண்டு ஒரு காசு தொடங்கி, 1943இல் சற்றுச் சிறுத்து, 1961இல் எலிசபெத் தலையோடு முடிந்த இந்த வடிவத்தில் முதல் அடி வாங்குவது மூலைதான். 1962இல் காசு வட்டமானதும் அந்த அழகும் போயிற்று. மன்னரின் முகம் கூர்மையாக இருந்து நான்கு மூலையும் மழுங்கியிருந்தால் அது பையில் மற்றக் காசுகளோடு உரசிய காசு. முகம் தேய்ந்து மூலை சரியாக இருந்தால் யாரோ விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறார்கள். மேடாக ஓடும் கோடு அச்சின் விரிசலால் பிறவியிலேயே வந்தது. பள்ளமாக ஓடும் கோடு பெரும்பாலும் பின்னால் விழுந்த கீறல். பூதக்கண்ணாடியின் கீழ் காசைச் சாய்த்துப் பிடித்தால் இது தெரிந்துவிடும். சந்தையில் பாதிப் பேர் சாய்ப்பதே இல்லை.

பச்சைதான் பயப்பட வேண்டிய நிறம். அதிலும் இரண்டு வகை. முத்து வளையத்தின் இடுக்கில் கெட்டியாக, வழவழப்பாக இருக்கும் களிம்பு பழையது. சும்மா விட்டால் சும்மா இருக்கும். வெளிறிய பச்சைத் தூளாகப் புள்ளி புள்ளியாகக் கிளம்புவது குளோரைடு உப்பின் வேலை. பல்குச்சியால் தொட்டால் உதிரும், அடியில் குழி விழுந்திருக்கும். காற்றின் ஈரம் கிடைக்கும்வரை உப்பு செம்பைத் தின்றுகொண்டே இருக்கும். அதைத் தூங்கவைக்க ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். மலேசியாவின் சுங்கை வேயில் ஒரு பிற்பகல் மழைக்குப் பிறகு வீட்டுக்குள் அதைப்போல் இரண்டு மடங்கு நிற்கும். வியர்வை விரலின் உப்பும் இதற்கு விதைதான். ரேகை பதிந்து, மாதங்கள் கழித்துக் காசின் மேல் தெரியும்.

பிசுபிசுக்கும் பச்சை வேறு. மலிவான பிவிசி உறை வெப்பத்தில் சிதைந்து கக்குவது அது. அசிட்டோனில் ஊறவைத்தால் கரைந்துவிடும். உறை கக்கிய அமிலம் அரித்த இடம் மட்டும் திரும்பாது.

வெள்ளிக் காசுக்காரர்கள் இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார்கள். அவர்களுக்கு வானவில் வேண்டும். வெள்ளிமேல் சல்ஃபைடு படலம் தடிக்கத் தடிக்க மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் ஏறுவது அழகுதான், மறுக்க வேண்டாம். ஆனால் அந்த நிறத்தைச் சூடுகாட்டியும் கந்தகம் பூசியும் ஒரு நாளில் வரவழைக்க முடியும், வரவழைக்கிறார்கள். இயல்பாக ஏறிய நிறம் வரிசை தப்பாது. கீறலின் பள்ளத்துக்குள்ளும் நீலம் பளபளத்தால் ஐயப்பட இடமுண்டு. ரப்பர் விளைந்த நாட்டில் இன்னொரு அடையாளமும் கிடைக்கும்: ரப்பர் வளையத்தால் கட்டிவைத்த வெள்ளிக் காசின் குறுக்கே ஓடும் கறுப்புக் கோடு. ரப்பரை இறுக்கச் சேர்க்கும் கந்தகம்தான் அது. 1939–41 இருபது காசில் முக்கால் பங்கு வெள்ளி. 1943, 1945 காசுகளில் பாதிதான் வெள்ளி, மீதியில் பெரும்பங்கு செம்பு. மண்ணில் புதைந்து கிடந்தால் வெள்ளிக் காசும் பச்சை கக்குவது அதனால்தான்.

1895 முதல் அச்சான பிரிட்டிஷ் வணிக வெள்ளி டாலரில் சீன வணிகர்கள் குத்திய முத்திரைகளைச் சிலர் சேதம் என்று கழிக்கிறார்கள். வெள்ளி அசலா என்று கடைக்காரர் சோதித்துப் பார்த்த குறி அது; அதற்காகவே தேடி வாங்குவோர் பக்கம்தான் நியாயம். சங்கிலியில் கோக்க வளையம் ஒட்டி, பிறகு அறுத்தெடுத்த ஈயப் பற்றுக்கு இந்தச் சலுகை இல்லை.

இத்தனையையும் தாண்டி வந்த காசுகள் கடைசியில் வீட்டுப் புளியிடம் தோற்றுவிடுகின்றன. தீபாவளிக்குக் குத்துவிளக்கு துலக்கும்போது மைலோ டின்னிலிருந்த பழைய காசும் கூடவே போகும். புளியின் அமிலம் பழுப்புத் தோலைக் கரைத்துவிட, மிஞ்சுவது ஒளியற்ற இளஞ்சிவப்பு. அது பிறவிச் சிவப்பு ஆகாது. அச்சடித்தபோது உலோகம் விரிந்து ஓடிய கோடுகளில்தான் அந்த ஒளி இருந்தது, அவை தோலோடு போய்விட்டன. விபூதி வெள்ளியைப் பளிச்சென்று ஆக்கும், ஆயிரம் நுண்கீறலையும் போடும். நல்லெண்ணெய் பூசி வைத்தாலும் அதன் கொழுப்பமிலம் மெல்லப் பச்சையைக் கிளப்பும். ஒரு காலத்தில் கழுவிய காசைக் கழுவியது என்று சொல்லி விற்றார்கள். இன்று பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் போன்ற வார இறுதிச் சந்தைகளில் அதுவே ‘புத்தம்புதுசு’ ஆகக் கைமாறக்கூடும், வாங்குபவர் கண்ணைத் தீட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

செய்யக்கூடியது கொஞ்சமே. மண்ணிருந்தால் வடிநீரில் நாள்கணக்கில் ஊறவிடலாம், தேய்க்காமல். எண்ணெய்ப் பிசுக்குக்கும் பிவிசி பச்சைக்கும் கலப்பில்லாத அசிட்டோன். பிறகு நன்றாக உலர்த்தி, பிவிசி கலவாத மைலார் உறையில் இட்டு, இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கலாம். நம் ஈரத்தில் சிலிக்கா சீக்கிரம் நிறைந்துவிடும்; நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது அடுப்பில் காயவைப்பது என்று அதுவே காட்டும். பச்சைத் தூள் கண்ட காசை மட்டும் மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனிப் பெட்டியில் போட வேண்டும்.